வண்டி எது? உரிமை யாருடையது?

பழம்பொருள் ஒன்றை விலைக்கு வாங்க முற்படுவோர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியவராகின்றனர். ‘விற்பவர் பெயர் சொல்லிக் காட்டும் பொருள்தானா இது?’ என்பது முதல் வினா. ‘இதனை விற்பதற்கு அவருக்கு உரிமை உண்டா?’ என்பது இரண்டாவது வினா. முன்னது அடையாளம் பற்றியது. பின்னது உடைமை பற்றியது. ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மற்றொன்றுக்கும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடுதல் மக்களிடையே பெருவழக்கு. இரண்டும் வெவ்வேறு என்பதைப் பழைய பந்தயக் கார்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நம் நாட்டில் நிலம் வாங்குவோர் இவ்விரு வினாக்களையும் நன்கு அறிவர். தாய்ப்பத்திரம் பார்ப்பர், வில்லங்கச் சான்று கேட்பர், நான்கெல்லையைச் சரிபார்ப்பர், பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒத்து வருகின்றனவா என்று நோக்குவர். ஆனால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டார் வண்டியோ ஓடுவதற்கென்றே பிறந்தது. ஓடினால் தேய்கிறது, தேய்ந்த உறுப்பு மாற்றப்படுகிறது, மோதினால் கூடு மாற்றப்படுகிறது, ஊர் மாறினால் எண் மாறுகிறது, கை மாறினால் காகிதம் மாறுகிறது, அல்லது காணாமற் போகிறது. பந்தயக் காருக்கு இம்மாற்றங்கள் யாவும் பன்மடங்கு. அறுபது ஆண்டு கழித்து அத்தகைய வண்டியொன்று பெருவிலைக்கு வரும்போது, ‘இது எந்த வண்டி?’ என்ற எளிய கேள்வி நீதிமன்றம் வரை செல்லக்கூடிய கேள்வியாகிவிடுகிறது.

அவ்வாறே ஒரு வழக்கு இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்திற்கு 1990ஆம் ஆண்டில் வந்தது. வழக்குக்குக் காரணமான வண்டியின் பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. அதன் கதையை முதலிலிருந்து காண்போம்.

கிரிக்கிள்வுட்டில் பிறந்த வண்டி

வால்ட்டர் ஓவன் பெண்ட்லி என்பவர் 1919ஆம் ஆண்டில் தம் பெயரால் ஒரு மோட்டார் நிறுவனத்தைத் தொடங்கினார். இலண்டன் நகரின் வட பகுதியாகிய கிரிக்கிள்வுட்டில் அதன் தொழிற்சாலை இருந்தது. அந்நிறுவனத்தின் வண்டிகள் உறுதிக்கும் வேகத்திற்கும் பெயர் பெற்றவை. ஆனால் கணக்கேட்டில் நிறுவனம் என்றும் தள்ளாடியே நின்றது. 1926ஆம் ஆண்டில் உல்ஃப் பர்னாட்டோ என்னும் செல்வர் பெருந்தொகையை முதலீடு செய்து அதன் தலைவரானார். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில் பெருஞ்செல்வம் ஈட்டிய பார்னி பர்னாட்டோவின் மைந்தர் இவர். பணம் கொடுத்ததோடு நில்லாமல் தாமே வண்டியோட்டிப் பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.

பிரான்சு நாட்டில் லெ மான் என்னும் ஊரில் 1923ஆம் ஆண்டு முதல் இருபத்து நான்கு மணிநேரப் பந்தயம் நடைபெற்று வருகிறது. ஒரு பகலும் ஓர் இரவும் இடைவிடாது ஓடி, மிகுந்த தொலைவைக் கடக்கும் வண்டியே வெற்றி பெற்றதாகும். வேகம் மட்டும் அங்கே போதாது; தாங்கும் வலிமையும் வேண்டும். பெண்ட்லி வண்டிகள் 1924ஆம் ஆண்டிலும், பின்னர் 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தும் அப்பந்தயத்தில் வென்றன.

1929ஆம் ஆண்டுப் பந்தயத்திற்கென ஆறரை லிட்டர் இஞ்சின் கொண்ட ‘ஸ்பீட் சிக்ஸ்’ வகை வண்டி ஒன்று சிறப்பாகச் செய்யப்பட்டது. லெ மான் பந்தயத்தில் 1 என்னும் எண்ணைத் தாங்கி அது ஓடிற்று. பர்னாட்டோவும் சர் ஹென்றி பர்க்கினும் மாறி மாறி ஓட்டினர். அவ்வாண்டு முதல் நான்கு இடங்களையும் பெண்ட்லி வண்டிகளே பெற்றன, முதலிடம் இவ்வண்டிக்கு. அடுத்த ஆண்டும் இதே வண்டி லெ மானுக்குச் சென்றது. இம்முறை பர்னாட்டோவுடன் கிளென் கிட்ஸ்டன் ஓட்டினார். ஜெர்மனியின் புகழ்பெற்ற வீரர் கரச்சியோலா ஓட்டி வந்த மெர்ஸிடிஸ் வண்டி இரவில் பழுதுற்று விலக, ஓல்ட் நம்பர் ஒன் மீண்டும் வென்றது. ஒரே வண்டி லெ மானில் இருமுறை வெல்லுதல் எளிதில் வாய்க்கும் பெருமை அன்று.

பெருமை நிறுவனத்தைக் காக்கவில்லை. உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தில் 1931ஆம் ஆண்டு பெண்ட்லி நிறுவனம் கடனில் மூழ்கியது. வாங்க முன்வந்தவர் இன்னார் என்றே வெளியே தெரியாதபடி ஓர் இடைநிலை நிறுவனத்தின் பெயரால், 1 லட்சத்து 25 ஆயிரம் பவுனுக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு அது வாங்கப்பட்டது. வாங்கியவர் போட்டி நிறுவனமாகிய ரோல்ஸ் ராய்ஸ் என்பது பின்னரே வெளியாயிற்று. ஆயினும் ஓல்ட் நம்பர் ஒன் ஓய்வு பெறவில்லை. இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் 1931ஆம் ஆண்டு ஐந்நூறு மைல் பந்தயத்தில் ஜாக் டன்ஃபியும் சிரில் பாலும் அதனை ஓட்டி, மணிக்குச் சுமார் 118 மைல் சராசரி வேகத்தில் வென்றனர்.

1932ஆம் ஆண்டில் அதன் ஆறரை லிட்டர் இஞ்சினுக்குப் பதிலாக எட்டு லிட்டர் இஞ்சின் பொருத்தப்பட்டது. செப்டம்பர் 24ஆம் நாள் நடந்த ஐந்நூறு மைல் பந்தயத்தில், ஜாக் டன்ஃபி ஓட்டியபின் அவர் தம்பி கிளைவ் டன்ஃபி வண்டியைக் கையேற்றார். புரூக்லண்ட்ஸ் பாதையின் வளைவுகள் கோட்டைச் சரிவுபோல் உயர்த்திக் கட்டப்பட்டவை. அவ்வளைவின் மேல் விளிம்பைத் தாண்டி வண்டி அப்பால் வீழ்ந்தது. கிளைவ் உயிரிழந்தார். சிதைந்த வண்டியை எடுத்துச் சீரமைத்து, மூடிய கூடு கட்டி, சாலையில் ஓடும் காராகப் பர்னாட்டோவுக்கு ஆக்கிக் கொடுத்தனர். பந்தய வாழ்வு அத்துடன் முடிந்தது.

ஒரு கோடிப் பவுன் வழக்கு

அதன்பின் அவ்வண்டி பல கைகள் மாறிற்று. 1980களின் இறுதியில் பழங்கார்களுக்கு வரலாறு காணாத விலையேற்றம் உண்டாயிற்று. ஓவியங்களையும் பழஞ்சிற்பங்களையும் வாங்கிய செல்வர்கள் கார்களையும் வாங்கத் தலைப்பட்டனர். அந்நிலையில் 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஓல்ட் நம்பர் ஒன் வண்டியை அப்போதைய உரிமையாளர் மிட்டில்பிரிட்ஜ் என்னும் நிறுவனத்துக்கு 1 கோடிப் பவுன் மதிப்புக்கு விற்க உடன்படிக்கை ஆயிற்று. பின்னர் நிறுவனம் வாங்க மறுத்தது. ‘உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இது அன்று’ என்பது அதன் வாதம்.

வழக்கை நீதிபதி ஆட்டன் விசாரித்தார். வல்லுநர்கள் வந்தனர், பழைய புகைப்படங்களும் தொழிற்சாலைப் பதிவேடுகளும் வந்தன. எந்த உறுப்பு எந்த ஆண்டுக்கு உரியது என்று ஒவ்வொன்றாக ஆராயப்பட்டது. கிடைத்த முடிவு வியப்புக்குரியது. 1929ஆம் ஆண்டு லெ மானில் வென்ற வண்டியின் உறுப்புகளில், காலம் கணிக்க இயலாத சில சிறு பொருத்துகளைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. 1930ஆம் ஆண்டு வண்டியிலிருந்து எஞ்சியவை மிதி அச்சு, கியர்ப் பெட்டியின் மேலுறை, ஸ்டியரிங் தண்டு ஆகிய மூன்றே. சட்டகம், முன்னச்சு, எட்டு லிட்டர் இஞ்சின் முதலிய பெரும்பாகங்கள் 1932ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

இதனைக் கேட்டவுடன் பலர், ‘அப்படியாயின் இது அவ்வண்டி அன்று, வாங்கியவர் பக்கமே நியாயம்’ என்பர். நீதிபதி அவ்வாறு முடிவு செய்யவில்லை. 1929இல் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலையில் அது இன்று இல்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் எந்த நாளிலும் அவ்வண்டி அழிந்து இல்லாமற் போனதில்லை; ஒரு நாள் கழற்றி எறிந்துவிட்டு மறுநாள் வேறொன்றை அதன் பெயரால் கட்டியதும் இல்லை. ஒவ்வொரு பந்தயத்திற்கும் ஒவ்வோர் உறுப்பாக மாறி மாறி வந்த ஒரே தொடர்ச்சி அது. ஆகவே அது போலி அன்று, புதிதாகக் கட்டப்பட்ட படி அன்று, மாண்டு மீண்ட வண்டியும் அன்று. தொடர்ந்த வரலாற்றினால் அது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்னே ஆகும். இவ்வாறு 1990ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் தீர்ப்பளித்து, உடன்படிக்கையை நிறைவேற்றுமாறு நிறுவனத்துக்கு ஆணையிட்டார்.

மாறியும் மாறாத பொருள்

நீதிபதி விடை கண்ட வினா மிகப் பழமையானது. கிரேக்க நாட்டு வீரன் தீசியஸ் ஏறிச் சென்ற கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் நெடுங்காலம் காத்து வந்தனர் என்று புளூட்டார்க் எழுதியுள்ளார். மக்கிய பலகையை எடுத்துப் புதுப் பலகை வைத்துக்கொண்டே வந்தமையால், அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று தத்துவ ஞானிகள் வாதிட்டனராம். நம்மூர்க் கோயில் தேரை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். அச்சு மாறுகிறது, சக்கரம் மாறுகிறது, சிற்பப் பலகை மாறுகிறது, மரச் சக்கரம் இருந்த இடத்தில் இரும்புச் சக்கரம் வருகிறது. தேரை இழுக்கும் மக்கள் யாரும் ‘இது வேறு தேர்’ என்று சொல்வதில்லை. ஆண்டுதோறும் அதே வீதியில், அதே நாளில், அதே பெயரால் அது வருகிறது.

ஆயினும் இவ்வழக்கில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தொடர்ச்சி என்பது வாயால் சொல்லிவிடுவது அன்று, காட்டப்பட வேண்டுவது. ஓல்ட் நம்பர் ஒன்னின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆண்டு உண்டு, பந்தயம் உண்டு, புகைப்படம் உண்டு. உறுப்புகள் போயினும் ஏடுகள் நின்றன. ஏடுகள் இல்லாத வண்டிக்கு இவ்வாதம் உதவாது. பழங்கார்ச் சந்தையில் இதற்கு மாறான நிலையையும் காணலாம். ஒரு வண்டியின் இஞ்சின் ஒருவர் கைக்கும் சட்டகம் மற்றொருவர் கைக்கும் சென்றுவிட, இருவரும் ஒவ்வொரு முழு வண்டி கட்டி, ஒரே எண்ணைப் பொறித்து, ‘உண்மையான வண்டி என்னுடையதே’ என்று உரிமை பாராட்டுவர். ஒரு விளக்கிலிருந்து இரு விளக்கை ஏற்றலாம். ஒரு பந்தய வெற்றியை இரு வண்டிகளுக்குப் பகிர இயலாது.

அரசாங்கத்தார் இச்சிக்கலைத் தத்துவமாகப் பார்க்காமல் கணக்காகப் பார்த்தனர். பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவு செய்யப் பிரிட்டனில் நெடுங்காலம் புள்ளி முறை ஒன்று வழங்கிற்று. பழைய சட்டகம் இருந்தால் 5 புள்ளி. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்ப் பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இஞ்சினுக்கு 1 புள்ளி. மொத்தம் 8 புள்ளி சேர்ந்தால் பழைய எண் நிலைக்கும். மக்கள் இஞ்சினையே வண்டியின் உயிர் என்பர். சட்டமோ அதற்குக் கடைசி இடம் கொடுத்தது. ஏனெனில் இஞ்சின் எளிதில் மாறுவது. சட்டகம் அரிதில் மாறுவது.

அந்நாட்டிலேயே பதிவேடுகள் சிதறிய கதையும் உண்டு. 1904ஆம் ஆண்டு முதல் வண்டிகளுக்கு எண் வழங்கி வந்தவை ஆங்காங்குள்ள உள்ளூர் மன்றங்கள். 1970களில் இவ்வேலை ஸ்வான்ஸீ நகரிலுள்ள ஒரே அலுவலகத்தின் கணிப்பொறிக்கு மாறிற்று. கொட்டகையில் உறங்கிக் கிடந்த பல வண்டிகள் 1983ஆம் ஆண்டு இறுதிக்கெடுவுக்குள் புதிய பதிவில் ஏறாமல் விடுபட்டன. உள்ளூர் ஏடுகளிலும் பல அழிந்தன. பின்னர் அவற்றின் எண்ணை மீட்க விரும்பியோர் பழைய லாக் புத்தகம், வரிச்சீட்டு முதலிய அக்காலச் சான்றுகளைத் தேடிக் கொணர வேண்டியதாயிற்று. பயனற்றதென்று எறியாமல் ஒருவர் பெட்டியில் போட்டு வைத்த ஒரு துண்டுக் காகிதம், அவர் பேரன் காலத்தில் வண்டியின் விலையில் பாதியை நிர்ணயித்தது.

வண்டி உறுதி, உரிமை ஐயம்

முதல் வினாவுக்கு ஐயமின்றி விடை கிடைத்தும் இரண்டாவது வினா மலைபோல் நின்ற வழக்கும் உண்டு. இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1954ஆம் ஆண்டு ‘375 பிளஸ்’ என்னும் பந்தயக் கார்களை மிகச் சிலவே செய்தது. அவ்வாண்டு லெ மானில் வென்றதும் இவ்வகையே. அவ்வகையைச் சேர்ந்த, 0384 என்னும் சட்டக எண் கொண்ட வண்டி அமெரிக்காவுக்குச் சென்றது. 1958ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தவர் ஒருவர் அதனை வாங்கித் தம் மனையில் வைத்திருந்தார். 1980களின் பிற்பகுதியில் அது களவு போயிற்று. கடல் கடந்து பெல்ஜியத்தில் வேறொருவரிடம் அது இருப்பது பின்னர்த் தெரிய வந்தது.

இங்கே வண்டி எது என்பதில் ஐயம் இல்லை. எண் தெளிவாக இருந்தது. யாருடையது என்பதே வழக்கு. 1999ஆம் ஆண்டில் 6 லட்சத்து 25 ஆயிரம் டாலர் கொடுத்து ஓர் உடன்பாடு செய்யப்பட்டது. அவ்வுடன்பாடு செல்லுமா செல்லாதா என்பதே பின்னர்ப் புது வழக்காயிற்று. முதலில் வழக்காடிய இருவரும் காலமான பின், 2013ஆம் ஆண்டில் வாரிசுகள் கூடி, வண்டியை ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பங்கிட இசைந்தனர். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் குட்வுட்டில் நடந்த ஏலத்தில் அது சுமார் 1 கோடியே 7 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. அத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. ஒஹையோவிலிருந்து மற்றோர் உரிமைக் கோரிக்கை எழ, ஏலம் எடுத்தவரும் நீதிமன்றம் சென்றார். 2016ஆம் ஆண்டில்தான் சமரசம் ஏற்பட்டது. களவு நடந்து ஒரு தலைமுறைக் காலம் கழிந்துவிட்டது.

இதில் அடங்கிய சட்ட நெறி எளியது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க இயலாது. 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இடம்பெற்ற இந்நெறி, நம் நாட்டின் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவிலும், சில விலக்குகளுடன், உள்ளது. திருடனிடமிருந்து நல்லெண்ணத்துடன் முழு விலை கொடுத்து வாங்கியவனும் உரிமையாளன் ஆவதில்லை. ஐரோப்பாவின் சில நாடுகளில் நெறி வேறு. பிரான்சில், நல்லெண்ணத்துடன் பொருளைக் கைக்கொண்டிருப்பதே உரிமைக்குச் சான்றாகக் கருதப்படும். களவு கொடுத்தவர் மூன்று ஆண்டுகளுக்குள் மீட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரே வண்டி ஓர் எல்லைக்கு இப்பால் ஒருவருடையதாகவும், அப்பால் மற்றொருவருடையதாகவும் தோன்றக்கூடும். களவுப் பொருள் கடல் கடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டில்

மன்னர்களும் ஜமீன்தார்களும் வெளிநாடுகளிலிருந்து தருவித்த கார்கள் இந்தியாவில் ஏராளம். டில்லியில் 1964ஆம் ஆண்டு முதல் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தி வரும் பழங்கார் அணிவகுப்பைக் கண்டோர் அவற்றின் அழகை அறிவர். சமஸ்தானங்கள் இணைந்த காலத்தில் பதிவேடுகள் பல மாறின; மன்னர் மானியம் 1971இல் நிறுத்தப்பட்டபின் வண்டிகள் பல கைமாறின. ஆகவே வண்டி இருக்கும், காகிதம் இராது. அல்லது காகிதம் இருக்கும், அதிலுள்ள பெயர் என்றோ மறைந்தவருடையதாக இருக்கும்.

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு இதற்கென விதி வகுத்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த, வாணிகத்துக்குப் பயன்படாத, மூலவடிவம் மாறாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு பெறலாம். எண்ணில் மாநிலக் குறியை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். முன்பே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யும், வெளிநாட்டிலிருந்து வந்ததற்குச் சுங்கச் சீட்டும் காட்ட வேண்டும். சட்டகத்திலோ கூட்டிலோ இஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருத்தல் ஆகாது. இவ்விதியால் அளந்தால் ஓல்ட் நம்பர் ஒன்னே தேறுவது அரிது. நீதிபதி அளந்தது வரலாற்றை. விதி அளப்பது வடிவத்தை. எந்த அளவுகோல் எந்த நோக்கத்துக்கு என்று தெரிந்து வாங்குவதே அறிவுடைமை.

கோடிப் பவுன் வண்டி வாங்குவோர் நம்மில் இலர். ஆனால் இவ்விரு வினாக்களும் காலனியில் வாழும் நமக்கு அன்றாடம் எழுகின்றன. மாற்றல் உத்தரவு வந்தவுடன் ஸ்கூட்டரையோ காரையோ அண்டை வீட்டாருக்கு அவசரமாகக் கொடுத்துவிட்டு, ‘காகிதத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று ரயிலேறுவோர் பலர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குத் தடையின்மைச் சான்றும் வேண்டும். 2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒரு கார் விற்கப்பட்டுப் பலர் கைமாறிச் சென்றும், ஆர்.சி.யில் முதல் உரிமையாளர் பெயரே நின்றது. அக்கார் விபத்தில் சிக்கியபோது, நட்டஈட்டுப் பொறுப்பு பதிவில் பெயர் உள்ளவரையே சேரும் என்று தீர்ப்பாயிற்று. காசு வாங்கிக்கொண்டு வண்டியை மறந்தவரை வண்டி மறக்கவில்லை.

ஆகவே பழைய வண்டி எதுவாயினும், வாங்குவோர் செய்ய வேண்டுவன சில. சட்டகத்தில் பொறித்த எண்ணையும் இஞ்சினில் பொறித்த எண்ணையும் நேரில் பார்த்து ஆர்.சி.யுடன் ஒப்பிடுதல் வேண்டும். எண் பொறித்த இடத்தில் அரம் பட்ட தடமோ புதுப் பற்றவைப்போ இருப்பின் விலகுதல் நன்று. வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் அது நீக்கப்பட்டதற்குச் சான்று கேட்டல் வேண்டும். பதிவில் உள்ளவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் அனைவருடைய இசைவும் எழுத்தில் வேண்டும். விற்பவர் கூறும் வரலாறு முழுவதையும், ‘இது இன்ன ஆண்டு, இன்ன வகை வண்டி’ என்பது உட்பட, உடன்படிக்கையிலேயே எழுதி வாங்குதல் வேண்டும். வர்ணனை கூறி விற்ற பொருள் அவ்வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் எழுதாத வர்ணனையை மெய்ப்பித்தல் எளிதன்று.

ஓல்ட் நம்பர் ஒன் நமக்குத் தரும் படிப்பினை வண்டிகளோடு மட்டும் நிற்பதில்லை. பிறந்த ஊரை விட்டு வந்து, வீடு மாறி, தெரு மாறி, மூன்று தலைமுறையாக வேற்றுமொழி வழங்கும் நகரத்தில் வாழும் குடும்பங்கள் நாம். இச்சங்கத்தைத் தொடங்கியவர்கள் அமர்ந்த நாற்காலிகளில் இன்று வேறு உறுப்பினர் அமர்ந்துள்ளனர். வாடகைக் கூடம் மாறியது. நூல்நிலையத்தின் அலமாரிகள் மாறின. ஆயினும் இது அதே சங்கம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. இடையறாது நாம் கூடி வந்தோம் என்பது அவ்வுரிமைக்குக் காரணம். கூட்டக் குறிப்பேடும் வரவு செலவு ஏடும் ஆண்டு மலர்களும் அதற்குச் சான்று. அவற்றை எடைக்குப் போடாமல் காத்து, அடுத்து வருவோர் கையில் ஒப்படைப்பது நம் கடமை.